கட்டிலுக்கடியில் இறால் தலை

குப்புராஜுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நைட் ஷிஃப்ட். விடிய விடிய அனல் முன்னால் நின்றுவிட்டு, புதுவாயல் வீட்டுக்கு வந்து பகலில் தூங்க வேண்டும். இந்த உலகத்திடம் அவன் கேட்டது அந்தத் தூக்கம் ஒன்றைத்தான். அதற்கும் வந்தது வேட்டு.

மனைவி கங்கம்மாவின் தம்பி வெங்கடேசன், பழவேற்காட்டிலிருந்து வேலை தேடி வந்தவன், வீட்டில் ஃபேன் உள்ள ஒரே அறையைக் கட்டிலோடு பிடித்துக்கொண்டான். வேலையைப் படுத்தபடியே செல்போனில் தேடினான். குப்புராஜ் முன்னறையில், மிக்ஸிக்கும் டிவிக்கும் நடுவே, கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தான்.

கிளம்பு என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். கங்கம்மாவைத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மனுஷனால் முடியாததை ஈ முடிக்கட்டும் என்று தீர்மானித்தான். ஷிஃப்ட் முடிந்து வரும்போது மீன் கடையில் இறால் தலைகளைக் கேட்டு ஒரு கவரில் வாங்கினான். மச்சான் பல் விளக்கப் போன நேரம் பார்த்து, கவரின் வாயைத் திறந்து கட்டிலுக்கடியில் தள்ளினான்.

மத்தியானத்துக்குள் வீட்டு ஈ வந்தது. அது போய்ச் சொல்லிற்றோ என்னவோ, பச்சை ஈயும் குடும்பத்தோடு வந்தது. வெங்கடேசன் தன் கன்னத்தில் தானே அறைந்து அறைந்து ஓய்ந்து வெளியே வந்தான்.

"மாமா, உள்ள படுக்க முடியல. ஒரே ஈ."

"உனுக்கு ஊர்க் காத்துதான் மச்சான் ஒத்துக்கும். சாயங்காலம் பஸ் இருக்குது," என்றான் குப்புராஜ், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

கங்கம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஏரிக்கரையில் மீனோடு வளர்ந்தவள்.

"இன்னாய்யா இது, பச்ச ஈ வந்துகீது? நம்மூட்ல இன்னிக்கி மீனே வாங்கல."

"ரோட்ல போற ஈயா இருக்கும்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்தாள்.

"தம்பி முன்ரூம்ல படுக்கட்டும். நீதான் பாவம், தூக்கமில்லாம கண்ணு செவந்துகினு கெடக்கற. ரூமு உனுக்குத்தான். இரு, கூட்டிட்டு வரேன்."

கதவைச் சாத்திக்கொண்டு கூட்டினாள். கையில் விளக்குமாறு மட்டும் இருக்க வெளியே வந்தாள். "போய் படுய்யா."

குப்புராஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கவரை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தால், அப்புறம் தூக்கம்தான். தாழ்ப்பாள் போட்டுக் கட்டிலுக்கடியில் கையை விட்டான்.

கவர் இல்லை.

நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது. ஈயும் இருந்தது, முன்னைவிட அதிகமாக. பீரோவுக்குப் பின்னால் தேடினான். பரணில் ஏறினான். தலையணை உறையைக்கூட உதறினான். கண்டுபிடிக்க முடியவில்லை. கங்கம்மாவைக் கேட்கலாம். கேட்டால் வைத்தது யார் என்று ஆகிவிடும். களைத்துப் படுத்தால் உதட்டில் ஈ. போர்த்திக்கொண்டால் புழுக்கம். முன்னறையில் வெங்கடேசன் குறட்டை விட்டான். மிக்ஸி இன்றைக்கு ஓடவில்லை, டிவியும் பாடவில்லை. குப்புராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம் வந்தது. இன்றைய தூக்கம் போயிற்று. நாளைய தூக்கமாவது வேண்டுமே. மானத்தை விட்டுக் கதவைத் திறந்தான். கங்கம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கங்கா, அந்த எறா தலைய எங்கடி வெச்ச?"

அவள் நிமிரவில்லை.

"உங்க கம்பெனில தம்பிக்கு ஒரு வேல வாங்கிக் குடு, சொல்றேன்."