மௌனானந்தரின் செம்புக் குடம்

போனைத் தூக்கி எறியுங்கள் என்று மௌனானந்த சுவாமி ரீல்ஸில் சொன்னார். அதைப் போனில் பார்த்துவிட்டுத்தான் கரமனை ஆற்றங்கரை மண்டபத்தில் அத்தனை கூட்டம்!

போனுக்குள் ஓர் அலைப்பேய் இருக்கிறதாம். நம் விரலைப் பிடித்து இழுப்பது அதுதானாம். சுவாமி போனைச் செம்புக் குடத்தில் போட்டு, மூடியை இறுக்கி, மந்திரம் சொல்வார். பிறகு கூப்பிட்டால் ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’ என்று வரும். பேய் கட்டுண்டதாம்! அப்புறம் பேய் அண்டாதிருக்க மந்திரத் தகடு வியாபாரம். இந்த அற்புதத்தைப் பக்தர்கள் பரவசமாகப் படம் பிடித்தார்கள். எதில் என்று கேட்காதீர்கள்.

அக்ரகாரத்து லலிதாம்பாள், புளியோதரைப் பொட்டலமும் மகள் ஆஷாவுமாக வந்திருந்தாள். ஆஷாவின் போனைப் பிடுங்கிக் குடத்தில் போட்டவளும் அவளே.

“அம்மா! இன்டர்வியூவுக்கு இப்போ கூப்பிடுவான்னு சொன்னேனோல்லியோ? எடுக்கலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவா.”

“ராப்பகலா அதையே நோண்டிண்டிருக்கே. பேய் போகட்டும், வேலை தானா வரும்.”

“எப்படி வரும்? குடத்தைத் தட்டிண்டா?”

ஆஷா மேடையேறினாள். “மூடியைத் திறங்கோ சாமி.”

“விஸ்வாசம் வேணும் மோளே. திறந்தா பேய் உன்மேல ஏறும்.”

ஆஷா அம்மாவின் பொட்டலத்தைப் பிரித்தாள். புளியோதரையை இலைக்கு மாற்றினாள். அதைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளைத் துடைத்து, அம்மாவின் போனை இடைவெளியில்லாமல் பொதிந்தாள். முன்வரிசைக்காரர் ஒருவர் அந்த எண்ணைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு அப்பால்!

“புளியோதரைக்கு யார் மந்திரம் சொன்னா?” என்றாள் ஆஷா.

விஷயம் இவ்வளவுதான். போனுக்குச் செய்தி வருவது கண்ணுக்குத் தெரியாத அலையாக. சுற்றிலும் உலோகம் இருந்தால் அலை அதன் மேற்பரப்போடு நின்றுவிடும், உள்ளே வராது. லிஃப்ட் கதவு மூடியதும் பேச்சு அறுந்துபோகிறதே, அங்கே எந்தச் சாமியார் உட்கார்ந்திருக்கிறார்?

“அது சயன்ஸ். இது மந்திரம்” என்றார் சுவாமி.

“அப்போ மூடி எதுக்கு? மந்திரம் மட்டும் சொல்லுங்கோ.”

“சொல்லுங்க சாமி!” என்று பக்தர்களே ஆசையாக மூடியைத் தூக்கினார்கள். சுவாமி கழுத்து நரம்பு புடைக்க மந்திரம் சொன்னார்.

குடம் கணீரென்று மணியடித்தது.

“எஸ் மேடம், ஆஷாதான். இல்லை, ஃப்ரீயாத்தான் இருக்கேன்” என்று அவள் ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

“அப்போ பேய்?” என்று லலிதாம்பாள் திரும்பினாள். சுவாமியின் ஆசனம் காலி. தகட்டுப் பெட்டியையும் காணோம்.

போனை அணைக்க அதன் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது, விரல் போதும். எப்போது அழுத்துவது என்று தீர்மானிக்க மூளை வேண்டும். அதையும் குடத்தில் போட்டு மூடிவிடாதீர்கள்.