வொக்ரெனார் குடும்பத் தயாரிப்பு

குடும்பப் பாசத்தையும் புட்டியில் அடைத்து, தக்கை இறுக்கி, முத்திரை குத்தி விற்கலாம் என்று மனிதகுலத்துக்கு நிரூபித்துக் காட்டிய பெருமை பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிச் சீமையின் வொக்ரெனார் குடும்பத்தையே சேரும். அவர்களுடைய சிவப்பு ஒயின் புட்டி ஒவ்வொன்றிலும் 'அண்ணனும் தம்பியும் ஒருமனதாக உருவாக்கியது' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருக்கும். அண்ணன் ஆன்செல்ம். தம்பி தியெரி. இருவரும் பேசிப் பல வருஷம் ஆகிறது என்பதை மட்டும் அச்சிடவில்லை. லேபிளில் இடம் போதவில்லை.

பேச்சு நின்றதற்குத் தத்துவ ரீதியான காரணம் உண்டு. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, தியெரி நிலவறைக்குப் போய் திராட்சை நன்றாக விளைந்த வருஷத்துப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் திறந்துவிட்டான்.

"அடப்பாவி, அது வியாபாரிகளுக்காக வச்சிருந்ததுடா!" என்று பதறினார் ஆன்செல்ம்.

"அப்பா போட்ட ஒயினை அப்பா சாவுக்குக்கூடக் குடிக்கக் கூடாதா?"

அதோடு சரி. தியெரி நிலவறையே கதி என்று கிடந்தான். ஒயின் அவன் பொறுப்பு. ஆன்செல்ம் மாடி அலுவலகத்தில் அமர்ந்தார். 'பாரம்பரியம்' அவர் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஆன்செல்மின் மனைவி கொரின் படியேறி இறங்கினாள். அம்மா ஒதெத்தை மட்டும் யார் பொறுப்பிலும் விட முடியாததால், பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் 'கௌரவமாக' வைத்திருந்தார்கள்.

அந்த வசந்தத்தில் பெல்ஜியத்து மொத்த வியாபாரி வான் ஹூதன் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஒயினை அவர் ஏற்கெனவே ருசி பார்த்துவிட்டார். இனி சகோதரர்களைப் பார்க்க வேண்டுமாம். "என் வாடிக்கையாளருங்க குடிக்கிறதே அந்த ஒற்றுமையைத்தான்" என்று போனில் உருகினார்.

கொரின் கீழே போய்விட்டு மேலே வந்தாள்.

"என்ன சொல்றான்?"

"வர்றாராம். ஆனா உங்களோட பேச மாட்டாராம். சிரிக்கவும் மாட்டாராம்."

"சிரிக்காத தம்பியை வச்சுக்கிட்டு நான் என்ன வியாபாரம் பண்றது?"

"நீங்களே இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாமே. பதினாலு படிதானே?"

மூத்தவர் படி இறங்குவது பாரம்பரியத்துக்கு விரோதம். ஆகவே ஆன்செல்ம் ஒரு நாடகக் கம்பெனிக்குப் போன் செய்தார்.

வந்தவன் பெயர் பாஸ்தியான். ராஜாக்களின் தம்பியாக மட்டுமே நடித்து அனுபவம் பெற்றவன். நகக்கண்ணில் மண்ணைத் தடவிக்கொண்டே கேட்டான்: "உங்க தம்பி எப்படிப்பட்டவர், சார்? ஆளைப் புரிஞ்சுக்காம நான் மேடை ஏற மாட்டேன்."

ஆன்செல்ம் யோசித்தார். வெகு நேரம் யோசித்தார்.

"கொஞ்சம் குட்டையா இருப்பான்" என்றார்.

விருந்து பிரமாதமாக நடந்தது. ஒயினில் வெந்த மாட்டிறைச்சியைப் பாஸ்தியான் தன் கையாலேயே அண்ணன் தட்டில் பரிமாறினான். "சின்ன வயசுல அண்ணன் என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்த்தான் திராட்சைக் கொடி ஒவ்வொண்ணாக் காட்டுவார்" என்று தழுதழுத்தான். வான் ஹூதன் கைக்குட்டையை எடுத்தார். ஆன்செல்மோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் தியெரியை அப்படித் தூக்கிக்கொண்டு நடந்தது உண்மை. அதை இவனிடம் அவர் சொல்லவேயில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு கையிலும் புட்டிகளோடு தியெரி உள்ளே வந்தான். தன் நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தான்.

"இவர் யாரு?" என்றார் வான் ஹூதன்.

கொரின் புருஷன் முகத்தைப் பார்த்தாள். 'சொல்லிடுங்க' என்றது அந்தப் பார்வை.

"நிலவறை ஆளு" என்றார் ஆன்செல்ம்.

தியெரி புட்டிகளைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தான். "ஆமாங்கய்யா, நிலவறை ஆளுதான்" என்றான். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஊருக்குள் ரொட்டிக்கடை மாடியில் குடியேறிவிட்டான்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலவறைக்குப் பட்டம் பெற்ற 'ஆலோசகர்' ஒருவர் வந்து, பீப்பாய்களுக்குப் புல்லாங்குழல் இசை போட்டுக் காட்டினார். ஒயின் புளித்தது. பெல்ஜியத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் குடித்தது ஒற்றுமையை அல்லவா?

சில வருஷம் கழித்து ஒரு குளிர்காலத்தில் அம்மா ஒதெத் இறந்துபோனாள். வான் ஹூதன் துக்கத்துக்கு நேரில் வருவதாகச் செய்தி அனுப்பினார். ஆன்செல்ம் உடனே இரண்டு இடத்துக்குப் போன் செய்தார்: ஒன்று சவப்பெட்டிக்கு.

"தம்பிக்குச் சொல்லியாச்சா?" என்றாள் கொரின்.

"சொல்லியாச்சு. கறுப்புக் கோட்டு அவனே கொண்டு வர்றான்."

"நான் தியெரியைக் கேட்டேன்."

ஆன்செல்ம் டை முடிச்சைச் சரிசெய்துகொண்டார்.

மாதா கோயிலில் பாஸ்தியான் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கினான். அவன் அழுத அழுகையில் முதியோர் இல்லத்து நர்ஸ்களே கலங்கிப்போனார்கள். இந்த மகன் ஒருநாள்கூட அம்மாவைப் பார்க்க வந்ததில்லையே என்று வியக்கவும் செய்தார்கள். ஞாயிறுதோறும் வந்து கிழவிக்குச் சூப் ஊட்டிய குட்டை மனிதர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆன்செல்ம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தம்பி நரைத்துப்போயிருந்தான். எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாமா என்று ஒரு கணம் கால் துடித்தது. பக்கத்தில் வான் ஹூதன் மூக்கைச் சிந்தினார். கால் அடங்கியது.

கல்லறையில் தீர்த்தம் தெளிக்கக் குடும்பத்தார் வரிசையாக நின்றார்கள். தியெரி வரிசைக்கு வெளியே, தொப்பியை மார்போடு பிடித்தபடி நின்றான். ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் அவனிடம் பரிவோடு குனிந்தார்.

"நீங்க இறந்தவங்களுக்கு என்ன உறவு?"

தியெரி அண்ணனைப் பார்த்தான். ஆன்செல்ம் தீர்த்தக் கிண்ணத்தைப் பாஸ்தியான் கையில் கொடுத்தார்.

"பெத்தது என்னைத்தான், ஃபாதர்" என்றான் தியெரி. "ஆனா மகன் வேஷத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க."