இருப்பு: இரண்டு மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

முடிச்சுட்டார். அஞ்சு மாத்திரையும் முடிச்சுட்டார், கடைசி ரெண்டை என் கண்ணு முன்னாடிதான் முழுங்கினார். நீ போன்ல "நெஜமா முடிச்சாரா"ன்னு கேட்டப்போ அப்பா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார், அதான் வாயைத் திறக்கல. நலம், நலமறிய ஆவல் எல்லாத்தையும் நடுவுல எங்கேயாவது நீயே போட்டுக்கோ.

டாக்டர் என்னை உட்கார வச்சுத்தான் சொன்னார். நெஞ்சுல கிருமி, பெனிசிலின் அப்பாவுக்கு ஆகாது, அன்னிக்கு உடம்பெல்லாம் தடிச்சுதே, அதனால அசித்ரோமைசின். தினம் ஒண்ணு, ஒரே நேரத்துல, அஞ்சு நாள். காய்ச்சல் விட்டுடுச்சேன்னு நிறுத்தக்கூடாது. வயித்தெரிச்சல் மருந்தைக் கூடவே குடிச்சா மாத்திரை சரியா உடம்புல சேராது, ரெண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணும். நெஞ்சு படபடன்னு அடிச்சா உடனே கூட்டிட்டு வரணும். இவ்வளவும் நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்தா, ரெண்டாம் நாளே மாத்திரையை முழுங்கின கையோட அந்த ரோஸ் மருந்து பாட்டிலை வாய்ல கவுக்கப் போனார். பாய்ஞ்சு பிடுங்கினேன், பாதி என் சட்டையில.

"வயிறு என்னோடதுடா."

"மாத்திரை டாக்டரோடதுப்பா."

மூணாம் நாள் காய்ச்சல் இல்ல. சவரம் பண்ணிட்டு, "இனிமே நானே பார்த்துக்கறேன், நீ கடைக்கு வேலைக்குப் போ"ன்னார். நானும் நம்பிப் போயிட்டேன். என்னைச் சொல்லணும்.

அஞ்சாம் நாள் சாயங்காலம் ஸ்க்ரூடிரைவர் தேடி அவர் அலமாரியைத் துழாவினேன். கிடங்குல முப்பது வருஷம் ஸ்டோர்கீப்பரா இருந்த மனுஷன், வீட்டு ஆணிக்குக்கூட சீட்டு ஒட்டி வச்சிருப்பார்னு உனக்கே தெரியும். மாத்திரை வாங்கினா அன்னிக்கே அட்டையைக் கிழிச்சு டப்பாவுல போட்டுடுவார். ஒரு டப்பா மேல "மாத்திரை, இருப்பு 2"ன்னு எழுதியிருக்கு. உள்ளே வெள்ளையா ரெண்டு.

"என்னப்பா இது?"

"ஸ்டாக்கு. எதையும் சுத்தமா காலி பண்ணக்கூடாது. அடுத்த தடவை காய்ச்சல் வந்தா எடுத்துக்கலாம்ல?"

போன வருஷமும் இப்படித்தானே பாதியில நிறுத்தினார், அப்புறம் ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் நாற்காலியில பத்து நாள் உட்கார்ந்தது யாரு, நீதானே. கத்தித் தீர்த்துட்டேன். அவர் அசையல.

"மூணு வருஷப் படிப்பை ஒரே வருஷத்துல விட்டுட்டு வந்தவன் என்னை அஞ்சு நாள் முடிக்கச் சொல்றான். போடா அரைகுறை."

அக்கா, "நீ முழுங்கு, நான் காலேஜுக்குப் போறேன்"னு வாயில வந்துடுச்சு. அடுத்த நிமிஷம் மறுசேர்க்கை விண்ணப்பம் கையில இருக்கு. பூர்த்தி பண்ணியே வச்சிருக்கார். கையெழுத்து இல்லாம இவர் எதையாவது வெளியே விட்டிருக்காரா? போட்டேன். டாக்டருக்கு போன் பண்ணினேன், "விட்டுப்போச்சேன்னு ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துடாதே, இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு"ன்னார். ரெண்டு நாளும் முழுங்கினதும் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். சின்னப்புள்ள மாதிரி தூக்கிக் காட்டினார்.

இப்போ இருமல் இல்ல, நல்லா சாப்பிடறார். மாட்டினவன் நான்தான். காலேஜ்லயும் சேர்த்துக்கிட்டாங்க, இன்னிக்கு ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு. கடிதத்தை அப்பா ஒட்டிப் போடறேன்னு சொல்லியிருக்கார். மாமாவைக் கேட்டேன்னு சொல்லு. பஸ் சத்தம் கேக்குது, நான் கிளம்பணும்.

உன் தம்பி

பின்குறிப்பு: அம்மாடி, இது அப்பா எழுதுவது. எந்தச் சரக்கையும் பிரித்துப் பார்க்காமல் அனுப்பிப் பழக்கமில்லை; படித்துவிட்டேன். ஐந்து மாத்திரையையும் ஐந்தாம் நாள் காலையிலேயே முடித்தாயிற்று. அந்த நாற்காலியில் நீ தூங்கி விழுந்ததை நானும் பார்த்துக்கொண்டுதானே கிடந்தேன்? டப்பாவில் இருந்தவை நீ வாங்கித் தந்த சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள். டாக்டரிடம் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டேன், சிரித்தார். இவனிடம் மட்டும் சொல்லிவிடாதே. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருக்கிறான். இனி அரைகுறை என்று கூப்பிடுவதாக இல்லை. இப்போதைக்கு முக்கால்.