பறவைகளுக்கும் பெரட்டு

மேற்பிரிவுப் பாடசாலை,
திம்புள்ள,
12.3.1957

பேரன்புமிக்க மச்சான் றோலண்ட் அவர்களுக்கு, சூசைரட்ணம் பணிவுடன் எழுதும் மடல். ஆண்டவர் கிருபையால் இவ்விடம் நானும் உங்கள் தங்கை டோரீனும் சுகம். உத்தியோகத்துக்குத்தான் சுகமில்லை. அட்டனில் உங்கள் இரும்புக் கடையில் ஆணி நிறுக்க ஆள் தேவைப்பட்டால் என்னை நினைத்துக்கொள்ளவும்.

நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஐயா வரப்போகிறார், அவர் நல்லபடியாக எழுதினால்தான் என் வேலை நிரந்தரம் என்று கேள்விப்பட்டதும், பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்து அவரை அசத்திவிடலாம் என்று எனக்கு ஒரு புத்தி உதித்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். முதல் நாள் முள்முருங்கை மரத்தடியில் நிறுத்தினேன். ஒரு குருவி வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், அத்தனை பேரும் கைதட்டிக் கத்தி விரட்டிவிட்டார்கள். தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், போஞ்சிக்காய்ப் பாத்தியில் தினமும் செய்கிற வேலை அதுதானே. மிட்டாய் காட்டியும் வாய் மூடவில்லை. கடைசியில், "காலையில பெரட்டுக் களத்துல கணக்கப்பிள்ளை ஆள் கணக்கு எடுக்கும்போது உங்க அம்மா அப்பா எப்படி நிக்கிறாங்க? அப்படி நில்லுங்க" என்றேன். கப்சிப்.

மறுநாளே அது நிஜப் பெரட்டாகிவிட்டது, மச்சான். பூரணி என்று ஆறு வயசு, அவள்தான் கணக்கப்பிள்ளை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பறவைகளுக்குப் பேர் போடுகிறாள். நேரத்துக்கு வந்து வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம், அதாவது முழுப்பேர், பிந்தினால் அரைப்பேர். மரங்கொத்தி விடாமல் கொத்தியது, முழுப்பேர். கொண்டைக்குருவி வெயில் ஏறி வந்தது, அரைப்பேர். மீன்கொத்தியைப் பார்த்து, "காலைல இருந்து தண்ணியோரமா குந்திக்கிட்டே இருக்கு, அதுக்குப் பேரே கெடையாது"ன்னுட்டா. ஆனா ஒண்ணு, எந்தப் பறவை எப்ப வரும், என்ன செய்யும்னு அத்தனையும் அதுங்களுக்கு அத்துப்படி.

நேத்து இன்ஸ்பெக்டர் வந்தாரு. பஸ் பிந்தி, மூச்சிரைக்க ஏறி நேரே மரத்தடிக்கு வந்தவரு, தூறலுக்குக் குடையைப் படார்னு விரிச்சாரு. மரத்துல ஒரு பறவை மிச்சமில்ல. பூரணி அவரை மேலும் கீழும் பாத்தா. "பிந்தி வந்ததுமில்லாம வேல செய்ற ஆளுகளையும் வெரட்டிப்புட்டீங்க. ஒங்களுக்கு அரைப்பேரு." நான் மன்னிப்புக் கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள தொழிற்சங்கத் தலைவர் மகன் அழகன், அஞ்சு வயசு, முன்னால வந்து, "புது ஆளுங்க, கணக்கப்பிள்ளை. புள்ளகுட்டிக்காரரு. பாத்துப் போடுங்க"ன்னு நியாயம் பேசுறான். "நாளைக்கு நேரத்துக்கு வரட்டும், பாப்போம்"ன்னுட்டா பூரணி. இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினாரு, வச்ச தேத்தண்ணியைத் தொடல, எறங்கிப் போயிட்டாரு. எனக்கு நிசமாவே பயமா இருக்கு, மச்சான். ஒங்க தங்கச்சி என்னடான்னா சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு சிரிக்குது.

தேவமாதா உங்கள் கடையையும், அதில் எனக்கென்று ஒரு முக்காலியையும் காத்தருள்வாராக. வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
நாளை வரைக்கும் ஆசிரியர்,
சூசைரட்ணம்

பி.கு.: இதைக் காலையில எழுதி முடிச்சுட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் தலவாக்கலையில ராத்தங்கிட்டு எனக்கு முன்னாடியே மரத்தடியில நிக்கிறாரு, குடை கக்கத்துல. பூரணி முழுப்பேர் போட்டதும் மனுசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு நல்லபடியா எழுதுறேன்னு சொல்லிட்டு, மீன்கொத்திக்காகவும் கணக்கப்பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பரிஞ்சு பேசிட்டுத்தான் போனாரு. ஆணி நிறுக்க வேற ஆள் பாருங்க. ஒரே ஒரு வருத்தம், இந்தக் கடிதத்தை எழுதிக்கிட்டிருந்ததுல நான் பிந்திட்டேன். எனக்கு அரைப்பேரு.