கவசம் ஒப்படைக்காத பொருள்

நெய்வேலிச் சுரங்கத்து ஸ்டோர்ஸில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் பொருள் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அத்தனை பேரும் சேர்ந்து எனக்குக் கொடுத்த தலைவலியைத் தனியொரு ஆளாகக் கொடுத்தவர் கவசம். அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

கவசம், பெல்ட் ஒட்டும் கேங்கில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து ஓடுகிற கன்வேயர் பெல்ட், பார்வைக்கு வெறும் ரப்பர்தான். உள்ளே நீளமாக எஃகுக் கம்பிகள் ஓடும். பெல்ட் அறுந்தால் மேல் ரப்பரை உரித்து, இரு பக்கத்துக் கம்பிகளையும் கோத்து, புது ரப்பர் வைத்துச் சூட்டில் ஒட்டுவார்கள். இதையே வருஷக்கணக்காகச் செய்த மனுஷனுக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. ரப்பருக்கு அடியில் இரும்பு வைக்கலாம் என்றால் மனுஷத் தோலுக்கு அடியில் ஏன் வைக்கக்கூடாது?

தோன்றியதோடு விட்டிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் அதை விஞ்ஞானக் கதையாக எழுத ஆரம்பித்தார். அதுவும் என் கவுன்ட்டரிலிருந்து கிளப்பிக்கொண்டு போன, பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட் ஃபாரங்களின் பின்பக்கத்தில். பெல்ட் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் வாங்க வரும்போதெல்லாம் புது அத்தியாயத்தோடு வருவார். வாசித்து முடிக்காமல் டின்னைத் தொடமாட்டார்.

கதை இருநூறு வருஷத்துக்கு அப்பால் நடக்கிறது. சுரங்கத்தில் இறங்குகிற ஆளுக்கு ஹெல்மெட் இல்லை, ஷூ இல்லை. உடம்பு முழுக்கத் தோலுக்கடியில் மெல்லிசாகக் கவசத்தை வைத்துத் தைத்துவிடுவார்கள். தலையில் கல் விழுந்தால் கல்தான் உடையும்.

"கொசு கடிச்சா?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"மூக்கு ஒடிஞ்சி கீழ வுழுந்துடும் மேடம்."

"காய்ச்சல் வந்தா ஊசி எங்க போடுவாங்க?"

மனுஷன் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் ஆளைக் காணோம். ஒழிந்தது தொல்லை என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது நாலாம் நாள் வந்து நின்றார்.

"இடுப்புக்குக் கீழ ஒரு மேன்ஹோல் உட்டுட்டேன் மேடம். மூடி போட்டு."

அடுத்து, கதாநாயகனுக்கு முதுகு அரித்தது. "அரிப்பு கவசத்துக்கும் உள்ள இருக்குதுங்க. எப்படி சொறிவான்? ரெண்டு அத்தியாயமா அதான் ஓடிகினு இருக்குது" என்றார். அந்த ரெண்டு அத்தியாயத்தையும் கேட்ட கிறுகிறுப்பில் நான் கணக்குத் தப்பி, பத்து டின்னுக்குப் பதிலாகப் பன்னிரண்டு டின் கொடுத்தனுப்பினேன்.

இந்த அரிப்பைத்தான் பெல்ட் ஓரத்து இரும்புப் படியில் நின்று கூட்டாளிக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். முதுகைச் சொறியக் கையைப் பின்னால் கொண்டுபோனவர் படியைத் தவறவிட்டு உருண்டார். வலது முன்கை முறிந்தது. கான்ட்ராக்டர் தன் செலவில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, எலும்பில் ஒரு எஃகு பிளேட்டும் ஆறு ஸ்குருவும் வைத்துக் கட்டிக் கூட்டிவந்தார்.

மந்தாரக்குப்பத்தில் அவர் இருந்த வாடகை வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இவர் முகத்திலோ கல்யாணக் களை.

"எழுதுனது நடந்துட்ச்சி மேடம். தோலுக்கு உள்ள இரும்பு. மொத ஆளு நான்தான்."

"கைய ஒடிச்சிகினு வந்து படுத்துகினு சிரிக்குது பாருங்க இது" என்றார் மனைவி.

கேன்டீன்காரர்கள் அவருக்குக் கவசம் என்று பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான். சுரங்க வாசல் கேட்டில் இரும்பு இருக்கிறதா என்று சோதிக்கிற கருவி அவர் கைக்கு நேரே வந்தால் கத்தும். காவலருக்குத் தமிழ் அரைகுறை. "பிளேட்டு" என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டியதற்கு இவர் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிப்பார். பின்னால் ஒரு ஷிப்ட்டே நிற்கும். அப்படி ஒருநாள் என் கண்ணெதிரே கம்பெனி பஸ் போய்விட்டது. வெயிலில் டவுன்ஷிப்பில் என் வீடு இருக்கும் பிளாக் வரைக்கும் நடந்தபடி அவரைத் திட்டினேன், வீட்டுக்குப் போயும் திட்டினேன்.

போன வருஷம் அந்தக் கான்ட்ராக்ட் முடிந்தது. புதுக் கான்ட்ராக்டர் பழைய ஆட்களையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் வாங்கிய பொருளையெல்லாம் ஒப்படைத்து, ஸ்டோர்ஸ் கையெழுத்தோடு சீட்டை நாலு மணிக்குள் கொடுத்தவர்களின் பெயர்தான் லிஸ்ட்டில் ஏறும். ஏறாவிட்டால் மறுநாளிலிருந்து வேலை இல்லை.

கவசம் மூன்று மணிக்கு வந்தார். ஹெல்மெட், ஷூ, கையுறை, ஜாக்கெட் எல்லாவற்றையும் துடைத்து வைத்தார். டிக் அடித்துச் சீட்டைத் தள்ளினேன். அடியில் அச்சடித்திருக்கும்: வேலைக்காக எனக்கு வழங்கப்பட்ட அனைத்தையும் திருப்பி ஒப்படைத்துவிட்டேன், என்னிடம் வேறு எதுவும் இல்லை.

ஒரு வார்த்தை விடாமல் படித்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல கையெழுத்துப் போட முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

சட்டைக் கையைச் சுருட்டி, தழும்போடு முன்கையைக் கவுன்ட்டரில் நீட்டினார். "இது உள்ள இருக்குதே. கான்ட்ராக்டர் வச்சிக் குடுத்தது. ஒண்ணும் இல்லன்னு எப்படி எழுதிக் குடுக்கறது?"

"அது வைத்தியம். ஸ்டோர்ஸ் பொருள் இல்ல. போடுங்க."

"அனைத்தையும்னு போட்டுருக்குதுங்களே. நாளைக்கு எவனாவது ரெக்கார்ட எடுத்துகினு வந்து கேட்டா?"

மணி மூன்றரை. அவர் பையில் போன் அடித்தது. கையெழுத்து ஆயிற்றா என்று மனைவி கேட்டது எனக்கே கேட்டது. "ஆவுது, ஆவுது" என்று வைத்துவிட்டார்.

"விளையாடாதீங்க. பேர் ஏறலன்னா வீட்டுல என்ன பண்ணுவீங்க?" என்று கத்தினேன்.

"கான்ட்ராக்ட் முடிஞ்சா கழட்டி வாங்கிக்குவாங்கன்னு பசங்க சொல்லிகினே இருந்தானுங்க. நானும் கதைல அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். கவசத்த உரிச்சி ஸ்டோர்ல போட்டுட்டா ஆளு என்னா ஆவான்னு தெரியல. அதான் முடிக்காமயே கெடக்குது."

இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நீட்டிய கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருக்கிறார். வேலையும் போய்விடும், பொய்க் கையெழுத்தும் போடமுடியாது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஜென்மம்.

மணி மூன்றே முக்கால். எனக்கு வந்த கோபத்தில் சீட்டை வெடுக்கென்று இழுத்தேன். ஒர்க்‌ஷாப் தரையில் சிமென்ட் போட்டுப் பதித்த இயந்திரங்களைக் கணக்கெடுப்பின்போது யாரும் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. அதற்கு நாங்கள் குறிப்புப் பத்தியில் எழுதுகிற வாசகம் ஒன்று உண்டு. அதையே எழுதினேன். "எஃகு பிளேட் ஒன்று, வலது முன்கை. பர்மனென்ட். திருப்பத் தேவையில்லை." கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி, அவர் முன்னால் தள்ளினேன்.

விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் பர்மனென்ட் என்ற வார்த்தையில் நின்றுவிட்டார்.

நெய்வேலியில் பெண் கேட்டுப் போனாலும், பாங்க்கில் லோன் கேட்டாலும், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பேச்சுக் கொடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? பத்தொன்பது வருஷமாக அதற்குத் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது பதிலைச் சொல்லி வந்தவர் அவர். கோபத்தில் எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை.

"என் பேருக்கு நேரா இந்த வார்த்தைய யாரும் எழுதுனதே இல்லீங்க மேடம்" என்றார். கண் நிறைந்திருந்தது.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "மணி ஆகுது, போட்டுட்டு ஓடுங்க" என்று அதட்டினேன். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டும் நகரவில்லை.

"இதுக்கு ஒரு ஜெராக்ஸ் கெடைக்குங்களா?"

பத்து நிமிஷம்கூட இல்லாத நேரத்தில் ஜெராக்ஸ் கேட்கிற ஆளை என்ன செய்வது? நானே எழுந்து போய் எடுத்துவந்தேன். அவர் ஓடினார். பெயரும் ஏறியது.

அன்றைக்கு நான் எடுத்தது இரண்டு ஜெராக்ஸ். ஒன்று என் வீட்டு பீரோவில் இருக்கிறது. யாரோ ஒருத்தர் சீட்டை எதற்கு வைத்திருக்கிறாய் என்று என் கணவர் கேட்டார். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் என்றேன்.