மாடியறையில் தொண்ணூற்றாறு

அன்பும் படிப்பும் கொஞ்சம் அவசரமும் உள்ள மருமகளுக்கு, உன் தாய்மாமன் எல்லா ஆசிகளையும் முதலிலேயே சொல்லிவிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். சுவருக்கு அந்தப் பக்கம் உன் சின்ன மாமாவும் சுகமாகத்தான் இருக்கவேண்டும். தும்மல் சத்தம் குறைவில்லாமல் கேட்கிறது. இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதம் என்றால் என்னை யாரும் நிறுத்த முடியாது.

நடந்தது எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். "எப்ப சொன்னீங்க?" என்கிறாள் உன் அத்தை. மனதுக்குள் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஊரில் யார் எலும்பை முறித்துக்கொண்டாலும் அந்த எக்ஸ்ரே படம் உன் திரையில் வந்து இறங்கவேண்டும், நீ பார்த்து எங்கே முறிந்தது என்று எழுதித் தரவேண்டும், இதை எங்கள் மாடியறையில் உட்கார்ந்தே செய்யலாம், ஆனால் வீட்டு இணையத்தின் வேகம் ஐம்பதுக்குக் குறையக்கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் அந்த வேகத்தை அளந்து, திரையில் வரும் எண்ணைப் படமெடுத்து அனுப்பாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும் என்று நீ சொன்னாயே, அப்போதே நான் 'நூறு' என்று பதில் சொன்னேன். எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். வேகமுள் செத்துப்போன பேருந்தைப் பாதி ஆயுள் ஓட்டியவன் உன் மாமா. டயர் ரோட்டில் உரசுகிற சத்தத்தை வைத்தே வேகம் சொல்வேன். ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவர் அளக்கிற கருவியோடு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கருவி காட்டியதும் என் காது சொன்னதும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்ததைப் பார்த்து, வெட்கப்பட்டு, கருவியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டார். அந்தக் காதைத்தான் கூடத்தில் இருக்கும் இணையப் பெட்டியின்மேல் வைத்துக் கேட்டேன். நல்ல சீரான முனகல். நூறு. ஆனால் உன் ஆபீசுக்குக் காது போதாதாம், படம் வேண்டுமாம். முறிந்த எலும்பையே படம் பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு மனிதனுடைய வார்த்தை எப்படிப் பிடிக்கும்!

இதற்குள் உன் சின்ன மாமா மூக்கை நுழைத்தான். "பொண்ணை என் வீட்டுக்கு அனுப்பு, என் லைன் ராக்கெட்டு மாதிரி" என்று உன் அம்மாவிடம் சொன்னானாம். இவன் ராக்கெட்டில் ஏறியதை யார் பார்த்தார்கள்? சைக்கிளிலேயே இரண்டு தடவை விழுந்தவன். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தபோது மாடிப்படி என் பக்கம் விழுந்தது, அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. அவன் மாடிக்கு வெளியே இரும்பு ஏணி வைத்து, குரங்கு மாதிரி ஏறிக்கொண்டிருக்கிறான். நானும் அவனோடு பேசுவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம்: நான் பேசாமலிருப்பது பெருந்தன்மை, அவன் பேசாமலிருப்பது திமிர். நீ அவன் வீட்டில் போய்த் தங்கினால் நான் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? உனக்காக மாடியறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, என் பழைய ஸ்டீயரிங் சக்கரத்தைக்கூட ஆணியிலிருந்து கழற்றி வைத்தாயிற்று. அதனால் அளந்தே தீர்வது என்று உட்கார்ந்தேன்.

போனில் ஒரு பக்கத்தைத் திறந்து நடுவில் இருக்கும் வட்டத்தைத் தொட்டால் ஒரு முள் எழுந்து ஓடுகிறது. ஓடியது, மூச்சு வாங்கியது, ஒன்பதில் நின்றது. ஒன்பது! மாட்டு வண்டிகூட அவமானப்படும். கம்பெனிக்குப் போன் போட்டேன். அரைமணி நேரம் பாட்டுப் போட்டார்கள், பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், உங்க திட்டத்துல நூறு வரைன்னுதான் இருக்கு."

"அப்ப நூறு எங்கம்மா?"

"வரைன்னா, நூறுக்குள்ள எவ்வளவு வேணா இருக்கலாம் சார்."

கேட்டாயா நியாயத்தை? அப்படிப் பார்த்தால் நானும் ஏழடி வரை உயரமானவன்தான், உன் சின்ன மாமாவும் பட்டப்படிப்பு வரை படித்தவன்தான். பெட்டியை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி போடச் சொன்னாள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நேரே போய் வீட்டு மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டேன். முன்னறையில் வாடகைக்கு இருக்கும் சலூன்காரருக்கும் அதே மெயின்தான் என்பது அவருடைய அலறல் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. மெஷின் பாதித் தலையில் நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்தவர் அந்த வாரமே நேர்காணலுக்குப் போகவேண்டியவராம். ஒரு பக்கம் பார்த்தால் அதிகாரி, மறுபக்கம் பார்த்தால் கைதி. "எந்தப் பக்கத்தைக் காட்டிட்டு உட்காரணும்னு யோசிச்சு வைங்க" என்று யோசனை சொன்னேன். நன்றிகூடச் சொல்லாமல், பாதித் தலையோடு கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சுவிட்சை ஏற்றி மறுபடி அளந்தேன். எட்டு.

அடுத்த நாள் கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். முதுகில் ஒரு பை, காதில் ஒரு ஒயர், கையில் ஒன்றுமில்லை. ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் வாங்கினார், ஸ்டூல் என்னிடம் வாங்கினார், தண்ணீர் உன் அத்தையிடம் வாங்கினார். பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், லைன்ல நல்லாத்தான் வருது. உள்ள வந்தப்புறம் யாரோ சாப்பிடுறாங்க" என்றார். யார் சாப்பிடுவது? நாங்கள் இரண்டே பேர். உன் அத்தை மட்டும் சலூன் பக்கம் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். சலூன் கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டால் 'இலவச வைஃபை, ஓனர் உபயம்' என்று எழுதி, கீழே பாஸ்வேர்டும் எழுதியிருக்கிறது என்பது உண்மைதான். நான்தான் எழுதச் சொன்னேன். நாலு பேர் நம்மை வாழ்த்தட்டுமே! ஆனால் முடி வெட்டி முடித்தவனும் எழுந்து போவதில்லை, மறுபடி வளரும்வரை அங்கேயே உட்கார்ந்து மல்யுத்தம் பார்க்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? "அதை அழிச்சிருங்களேன்" என்றாள் அத்தை. கொடுத்த தர்மத்தைத் திரும்ப வாங்குகிற பரம்பரையா நாம்?

பெட்டியை மாடியறைக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும், ஒயர் போக ஒரு துளை போட்டால் போதும் என்றார் மெக்கானிக். மாடிக்குப் போய், அதுவும் என்னிடம் வாங்கிய டிரில்லைப் போட்டார். எந்தச் சுவர் என்று கேட்கக்கூடாதா மனிதன்? தூசு அடங்கியதும் பார்த்தால் துளைக்குள் வெளிச்சம். வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு கண். சின்ன மாமா கண்.

"அண்ணி, அங்க என்ன பண்றீங்க?" என்றது சுவர்.

"இன்டர்நெட் தேடுறோம்" என்றாள் அத்தை.

"கிடைச்சதா?"

"உங்க கண்ணுதான் கிடைச்சது."

அவன் சிரித்தான். என் எதிரில், என் சுவர் வழியாக, என் மனைவியிடம்! "துளையை அடைக்கச் சொல்லு" என்று நான் அத்தையிடம் சொன்னேன். "அடைக்கச் சொல்லுங்க அண்ணி" என்று அவனும் அவளிடமே சொன்னான். கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மெக்கானிக் அதற்குள் ஸ்டூலைக்கூட எடுத்து வைக்காமல் போய்விட்டார், என் ஸ்க்ரூ டிரைவரோடு.

இனி இதில் அனுபவசாலி ஒருவன் இறங்கினால்தான் உண்டு என்று நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். ஒரு வண்டியின் பலம் தெரியவேண்டுமானால் காலி வண்டியை ஓட்டக்கூடாது, ஆள் ஏற்றி ஓட்டவேண்டும். அதனால் சலூன்காரரையும், சலூனில் இருந்த அத்தனை பேரையும், உன் அத்தையையும் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு போனைக் கையில் கொடுத்து, நான் விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும் என்று உத்தரவு போட்டேன். பாதித் தலைக்காரரும் வந்திருந்தார், மீதியைச் சரிசெய்துகொள்ள. ஊதினேன். முட்கள் எழுந்தன. ஒருவருக்கு ஒன்று, ஒருவருக்கு ஒன்றரை, பாதித் தலைக்காரருக்கு அதிலும் பாதி. ஆனால் என் போனில்? எண்பத்தெட்டு! போனை எப்படிப் பிடிக்கவேண்டும், எந்தக் கோணத்தில் சாய்க்கவேண்டும், எப்போது மூச்சை நிறுத்தவேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்கு ஒரு பாடமே நடத்தினேன். சலூன்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். உன் அத்தை மட்டும் என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல வைஃபையே போடல. இது சிம் கார்டு வேகம்."

"எனக்குத் தெரியும். யாராவது கண்டுபிடிக்கிறாங்களான்னு பார்த்தேன்" என்றேன்.

"எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா எல்லாருக்கும் சொட்டுச் சொட்டாத்தான் வரும்னாவது தெரியுமா?"

அதற்கும் தெரியும் என்றுதான் சொன்னேன். இப்படிப்பட்டவர்களோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

இன்னொரு நுணுக்கமும் இதில் இருக்கிறது, உன் ஆபீஸ்காரர்களுக்கே தெரியாது. அப்லோடு என்று மேலே ஏறுகிற வேகம் ஒன்று, டவுன்லோடு என்று கீழே இறங்குகிற வேகம் ஒன்று, இரண்டையும் கேட்கிறார்கள். கீழே இறங்குவதைக் கூடத்திலும், மேலே ஏறுவதை மாடியிலும் நின்று அளக்கவேண்டும் என்று நானாகவே புரிந்துகொண்டு, படிக்கட்டில் ஏறி இறங்கி ஏறி இறங்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். "ரெண்டையும் ஒரே இடத்துல அதுவே அளக்கும்" என்றாள் அத்தை, நான் நாலாவது தடவை இறங்கியபோது. முதல் தடவை சொல்லியிருந்தால் அவள் உன் அத்தை இல்லையே.

இத்தனை மூடர்களுக்கும் நடுவில், கேட்டுக்கொள், நேற்று மாலை மாடியறையில், நீ உட்காரப்போகிற ஜன்னலோர மேசையில் போனை வைத்து முறைப்படி அளந்தேன். என் இணைப்புப் பெட்டியின் இரண்டு கொம்புகளையும் நானே திருப்பி வைத்தேன். ஒன்று கிழக்கே, ஒன்று உன் மேசையைப் பார்த்து. பிறகு அதைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன், டிப்போவில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளை முறைப்பேனே, அதே முறை. முள் எழுந்தது. ஐம்பதைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது, தொண்ணூற்றாறில் போய் நின்று மரியாதையாகக் கைகட்டிக்கொண்டது. மேலே ஏறுவதும் அதே அளவு. உன் சின்ன மாமாவின் ராக்கெட் எந்த மூலை? அத்தை சாட்சி, படமும் எடுத்துவிட்டாள். அதை உன் ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, பெட்டி படுக்கையோடு கிளம்பி வா. எத்தனை எலும்பு வேண்டுமானாலும் இந்த மாடியில் வந்து இறங்கட்டும்.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல், உன் சின்ன மாமா சொல்வதை நம்பவேண்டாம் என்பதையும் சொல். நீ நோய்நொடியில்லாமல், கண் கெடாமல், மேலதிகாரி தொல்லையில்லாமல் நீடூழி இருக்க இந்த மாமனுடைய ஆசி எப்போதும் முழுவேகத்தில் உண்டு; அதற்கு 'வரை' கிடையாது.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் முன்பே சொன்ன,
மாமா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது, அந்தப் படத்தை நேற்றே உனக்குப் போனில் அனுப்பிவிட்டதாக உன் அத்தை சொல்கிறாள். படத்தின் மூலையில், வைஃபைக்கு அதன் சொந்தக்காரன் வைத்த பெயர் சின்ன எழுத்தில் வருமாம். கண்ணில் படாது என்று நான் சொன்னேன். முடியளவு விரிசலைக் கண்டுபிடிக்கிறவளுக்கா படாது என்கிறாள். ஆகவே சின்னதாக ஒரு திருத்தம். மாடியறை உண்மை, மேசை உண்மை, தொண்ணூற்றாறு உண்மை. 'என் இணைப்பு' என்பது மட்டும் நான் சேர்த்தது. என்னுடையது அந்த மேசையில் ஏழு. மற்றது துளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அத்தைதான் துளையில் வாயை வைத்து, "பொண்ணோட வேலை போயிரும், உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க" என்று கேட்டாள். அந்தப் பக்கம் முதலில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு, "அண்ணி, சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றான். இங்கிலீஷ் எழுத்தில், இடைவெளி விடாமல் அடிக்கவேண்டும்: அண்ணனுக்குகிடையாது. நான்தான் போனில் அடித்தேன், ஒவ்வொரு எழுத்தாக. அடித்து முடித்ததும், "வேணும்னா மாத்திடறேன்" என்று குரல் வந்தது. அத்தையிடம் இல்லை, என்னிடம். "வேண்டாம், இருக்கட்டும், இதுன்னா எனக்கு மறக்காது" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். நீ வந்து அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லி அடிக்காதே, சலூன் வரை கேட்கும். கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் மாதக் கட்டணம் கட்ட மறந்தால், கூப்பிட்டுத் திட்ட ஒரு வழி வேண்டாமா?