கொட்டகையில் யாருக்கு உடம்பு சரியில்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் முயல்களும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. இந்தக் கடிதத்தை அத்தான் வயிறாரச் சாப்பிட்டு, நல்ல மனநிலையில் இருக்கும்போது படித்துக் காட்டவும். எனக்கு உடனே மாற்றல் வேண்டும். கல்வி அதிகாரி அத்தானோடு ஒன்றாகப் படித்தவர்தானே, ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பள்ளிக்கூடத்தில் இனி நான் தலைகாட்ட முடியாது.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கால்நடைப் பராமரிப்பு சொல்லிக் கொடுப்பது உனக்குத் தெரியும். காலையில் பள்ளிக்கூடத்து ஆட்டுக் கொட்டகைக்குப் போனதும் எதையும் தொடாமல் சும்மா நின்று பார்க்க வேண்டும். எது தீவனத்தைத் தொடவில்லை, எது ஒதுங்கி நிற்கிறது, எது தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை என்று கவனித்து என்னிடம் வாயால் சொல்ல வேண்டும். இது நான் வைத்த பழக்கம். அந்தப் பிள்ளைங்களும் தினமும் வந்து, "எல்லா ஆடும் நல்லா இருக்கு சார்"னு ஒரே பாட்டு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு எதுக்குக் கண்ணு? ஒரு கோளாறாவது கண்டுபிடிச்சுச் சொன்னாத்தான் மார்க்கு"ன்னு கத்தித் தொலைச்சேன். என் வாயை வெச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூர்லேர்ந்து ஒரு கால்நடை டாக்டரம்மா வந்தாங்க. கூடவே எங்க தலைமையாசிரியை. டாக்டரம்மா, எங்க வகுப்பு வாயாடியைக் கூப்பிட்டு, "இந்தக் கொட்டகையில எதுக்காவது உடம்பு சரியில்லையாம்மா?"ன்னு கேட்டாங்க. அவ ஆட்டைப் பார்க்கல, முயலைப் பார்க்கல, நேரா என்னைப் பார்த்தா. "ஆடெல்லாம் நல்லா இருக்கு மேடம். எங்க சார்தான் சரியில்ல"ன்னா. நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். "உடம்பு இளைச்சுக்கிட்டே வருது. தீனி நல்லாத்தான் எடுக்கிறார், ஆனா உடம்புல ஒட்டல. ஓயாம தண்ணி குடிக்கிறார். பாடம் நடத்திக்கிட்டு இருக்கும்போதே பாதியில வெளிய ஓடுறார். ஆடு மிதிச்ச புண்ணு இன்னும் ஆறல. சும்மா நின்னாக்கூட முட்ட வர்றார்." முட்ட வர்றேனாம் அக்கா! "சரி, என்ன செய்வீங்க?"ன்னு டாக்டரம்மா கேட்க, "மத்ததோட சேர்க்காம தனியாப் பிரிச்சு வெச்சு, ரத்தம் எடுத்து அனுப்புவோம்"னு மொத்த வகுப்பும் கோரஸா கத்துது. தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டாங்க. டாக்டரம்மா மட்டும் சிரிக்கல. எல்லாருக்கும் முழு மார்க்கு போட்டுட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுப் போனாங்க. எனக்கு வியாதியாம்! குத்துக்கல்லு மாதிரி இருக்கேன் நான்.

ஆகவே, ஒரு கோழிகூட இல்லாத பள்ளிக்கூடமாகப் பார்த்து மாற்றித் தரும்படி அத்தானிடம் சொல்லவும். கணக்குப் பாடம் என்றாலும் சம்மதம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தானுக்குப் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
மானம் போன உன் தம்பி.

பி.கு.: அத்தான்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. கவரை ஒட்டுறதுக்குள்ள வாயாடியும் கூட்டாளிகளும் வந்து என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. சர்க்கரை கன்னாபின்னான்னு ஏறியிருக்காம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வகுப்புலயே மயங்கி விழுந்திருப்பேன்னு டாக்டர் திட்டினார். எனக்கு அழுகையே வந்துடுச்சு அக்கா. நர்ஸ் ஊசியோட வந்தப்ப வாயாடி குறுக்க நின்னு சொன்னா: "சிஸ்டர், முதல்ல உங்க கையைக் காட்டுங்க, கொஞ்சம் பேச்சுக் குடுங்க, அப்புறம் தொடுங்க. புது ஆளுன்னா எங்க சார் மிரளுவார்."